பிஎச்.டி. நடுவே கற்பித்தல் மானியம்: நேரம் வீணா, வேலைக்கு உதவுமா?

இங்கிலாந்தில் நிலவியலில் பிஎச்.டி. செய்யும் மகள் ஆய்வேட்டை எழுதாமல், பாடம் நடத்துவதை மேம்படுத்தும் சிறு மானியம் ஒன்றுக்கு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறாள், இதனால் வேலைக்குப் பயனுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவர் எந்த வேலையைக் குறிவைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஊருக்குத் திரும்பி ஜி.எஸ்.ஐ.யில் (இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம்) சேர்வதுதான் எண்ணம் என்றால் இந்த மானியம் துளியும் உதவாது. அதற்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுத வேண்டும். எம்.எஸ்சி. போதும், ஆனால் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. பிஎச்.டி. முடியட்டும் என்று காத்திருந்து அந்த வயதைத் தாண்டிவிடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. இந்தியக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை என்றால் நெட் எனும் தகுதித் தேர்வு, பிஎச்.டி., ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். சிறு மானியம் இவற்றில் எதற்கும் மாற்றாகாது.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் ஆவதுதான் குறி என்றால் கதையே வேறு. அங்கே நேர்முகத்தில் ‘நன்றாகப் பாடம் நடத்துவேன்’ என்று வாயால் சொன்னால் எடுபடாது, சான்று கேட்பார்கள். உயர்கல்வியில் கற்பித்தல் தரத்தைக் கவனிக்கும் அட்வான்ஸ் ஹெச்.இ. அமைப்பு தரும் அசோசியேட் ஃபெலோ என்ற கற்பித்தல் தகுதிக்குப் பாடம் நடத்தும் ஆராய்ச்சி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தில் எழுதுவதற்கு, முடித்துக் காட்டிய ஒரு சிறு திட்டம் கைகொடுக்கும். முன்பு புவியியல், புவி அறிவியல், சுற்றுச்சூழல் பாடங்களுக்கென்றே பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஒரு தேசியப் பாட மையம் இருந்து இப்படிப்பட்ட சிறு மானியங்களை வழங்கியது. 2011-இல் பாட மையங்கள் மூடப்பட்டன. இப்போது பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகமே உள்நிதியிலிருந்து தருகிறது. தொகை சில நூறு பவுண்டிலிருந்து சில ஆயிரம் வரை இருக்கும்.

விசா விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், ஆய்வக வகுப்பில் மாணவர்களுக்கு உதவும் டெமான்ஸ்ட்ரேட்டராக நிற்கும் நேரமும் அதில் சேரும். மானியத்திலிருந்து தனக்கே ஊதியம் எழுதிக்கொள்ளும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி வருவது மகளுக்கு. அப்படியே அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பத்தைக் கருவியிலிருந்து தொடங்காதீர்கள். ‘டேப்லெட் வாங்கி வகுப்பை நவீனமாக்குவோம்’ என்று தொடங்கும் விண்ணப்பம் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கப்படும். மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள். பாறை நுண்ணோக்கி வகுப்பையே எடுத்துக்கொள்வோம். மாணவர் நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்து, மாதிரி இருக்கும் வட்ட மேடையைச் சுழற்றுகிறார். பிளேஜியோகிளேஸ் கனிமத்தின் கறுப்பு வெள்ளை வரிகள் மாறி மாறி அணைந்து எரிகின்றன. ‘தெரிகிறதா?’ என்று கேட்டால் ‘தெரிகிறது’ என்பார். அவர் பார்ப்பது அந்த வரியா, அருகிலுள்ள கீறலா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே படிகத்தைப் பார்க்க முடியாததுதான் சிக்கல். இதை மூன்று வரியில் எழுதினால் போதும், தேர்வுக் குழுவில் வேதியியல்காரர் இருந்தாலும் புரிந்துகொள்வார்.

அடுத்து, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓப்பன் யுனிவர்சிட்டியின் மெய்நிகர் நுண்ணோக்கி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது தெரியாமல் ‘இணைய நுண்ணோக்கி உருவாக்குவேன்’ என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. உங்கள் துறை மாணவர்கள் களப்பயணத்தில் தங்கள் சுத்தியலால் உடைத்த பாறையையே ஒளி ஊடுருவும் மெல்லிய சீவலாகத் தேய்த்துத் தின் செக்‌ஷன் ஆக்கி, கைம்மாதிரி, களப்படம், நுண்ணோக்கிப் படம் மூன்றையும் இணைப்பதாகச் சொன்னால் அது வேறு திட்டம். மேடையை 10 டிகிரிக்கு ஒரு படமாக 0 முதல் 90 வரை சுழற்றினால் ஒரு பார்வைக்களத்துக்கு 10 படம். ஒற்றைத் துருவ ஒளி (ஒரு துருவ வடிகட்டி), குறுக்குத் துருவ ஒளி (ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு) இரண்டிலும் எடுத்தால் 20. பன்னிரண்டு பாறைக்கு 240 படம். ஒரு மாணவ உதவியாளர் சில நாட்களில் முடித்துவிடுவார். வேலையை இப்படி எண்ணிக் காட்டுபவரை நிதி தருபவர் நம்புவார்.

செலவுப் பட்டியலில் பெரும்பங்கு அந்த உதவியாளரின் ஊதியமாகத்தான் இருக்கும். மணிக்கூலியோடு விடுமுறைச் சம்பளம் போன்ற சேர்மானங்களையும் நிதிப் பிரிவில் கேட்டு எழுதுங்கள், பலருக்கும் பணம் குறைவது இங்கேதான். தின் செக்‌ஷனுக்கு மலிவு விலை தேடி அலைய வேண்டாம். தடிமன் 0.03 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்கு மேல் தடித்தால், குறுக்குத் துருவ ஒளியில் சாம்பலாகத் தெரிய வேண்டிய குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரியும். வண்ண அட்டவணையை வைத்துக் கற்கும் முதலாண்டு மாணவர் அதிலேயே குழம்பிப்போவார்.

பயன் உண்டா என்று அளக்கும் பகுதிதான் பெரும்பாலான விண்ணப்பங்களில் சொதப்புகிறது. ‘உங்களுக்குப் பிடித்திருந்ததா?’ என்ற கேள்வித்தாள் எதையும் காட்டாது. இரண்டாம் வாரத்தில் 15 நிமிடத் தேர்வு ஒன்று வையுங்கள்: முன்பு பார்த்திராத செக்‌ஷன், மூன்று கனிமங்கள், ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கண்ட காரணம். எட்டாம் வாரத்தில் அதே கடினத்தில் வேறு செக்‌ஷன். காரணத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள். ஊகித்துப் பெயர் சொல்பவரையும் பார்த்துச் சொல்பவரையும் அதுதான் பிரித்துக் காட்டும். வகுப்பில் 30 பேர் என்றால் சதவீதம் போடாதீர்கள், ‘30 பேரில் இத்தனை பேர்’ என்றே எழுதுங்கள்.

மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதால் இதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் வேண்டும். வகுப்பு செப்டம்பர் கடைசியில் தொடங்கும் என்றால் கோடைக்குள் அதை வாங்கிவிடுங்கள். ஒப்புதல் தாமதமானால் முதல் தேர்வு கைநழுவும், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. நீங்களே அந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடுபவர் என்றால் சம்மதம் கேட்பதை வேறொருவரிடம் விடுங்கள். மறுத்தால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் அவர்களுக்கு வரக் கூடாது.

பல இடங்களில் ஆராய்ச்சி மாணவர் முதன்மை விண்ணப்பதாரராக முடியாது. பாடத்தை நடத்தும் பேராசிரியரை முதன்மையராக வையுங்கள். ஆனால் யார் எதைச் செய்தார் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி இருக்கட்டும், பின்னால் அசோசியேட் ஃபெலோ விண்ணப்பத்துக்கு அந்த வரிதான் சான்று. பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் கணக்காண்டு பெரும்பாலும் ஜூலை 31-இல் முடிகிறது. கோடையில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் திட்டம் என்றால், மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எடுத்த படங்களை உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காமல், அளவுகோலும் பாறை எண்ணும் சேர்த்துத் துறையின் பெயரில் ஏற்றுங்கள். பிஎச்.டி. முடிந்ததும் உங்கள் பல்கலைக்கழகக் கணக்கை மூடிவிடுவார்கள்.