கொழுப்புக் குளிசையை நிறுத்திவிட்டு விற்றமின் எடுக்கலாமா?

உங்கள் அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது, ஒருமுறை மாரடைப்பும் வந்திருக்கிறது, கால் உளைகிறது என்று கொழுப்புக் குளிசையை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த விற்றமின் ஈ, சி போத்தல்களுக்கு மாறப் பார்க்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியல்ல. தானாக நிறுத்த விடாதீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே விடயத்தில் அப்பாவோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிய மகன்.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், வயலை ஒட்டிய கிராமம். மாரடைப்பு வந்த பிறகு அப்பா மாதம் தவறாமல் கிளினிக் போவார். விடிய முதல் பஸ்ஸில் கொப்பியோடு புறப்பட்டால் மத்தியானம் குளிசை உறைகளோடு திரும்புவார். ஒருநாள் நெல் விற்ற துண்டைத் தேடி எங்கள் அம்மா தகரப் பெட்டியைத் திறந்தார். ‘இரவு 1’ என்று பேனையால் எழுதிய ஆறு உறைகள் உள்ளே கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஆறு மாதமாக அப்பா கனடாவிலிருந்து மாமி அனுப்பிய விற்றமினைத்தான் விழுங்கியிருக்கிறார். "இது சத்துத்தானே, உடம்பும் சுகமாகத்தானே இருக்கிறது" என்றார். இரத்தம் சோதித்தோம். முன்பு 70க்குக் கிட்ட இருந்த எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 148 ஆகியிருந்தது. கொழுப்பு ஏறினால் நோகாது, தலை சுற்றாது. அதனால்தான் சுகமாக இருக்கிறது என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

நீங்கள் கேட்டதை அப்படியே ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதய நோய், நீரிழிவு போன்றவை உள்ள 20,536 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு சிம்வாஸ்டட்டின் என்ற கொழுப்புக் குளிசை 40 மில்லிகிராம், மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. அதே ஆட்களையே இன்னொரு விதமாகப் பிரித்து, பாதிப் பேருக்கு விற்றமின் ஈ, சி, பீற்றா கரோட்டீன் மூன்றையும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் பார்த்தார்கள். சிம்வாஸ்டட்டின் எடுத்தவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தன. விற்றமின் எடுத்தவர்களின் இரத்தத்தில் விற்றமின் அளவு நன்றாகவே கூடியது. மாரடைப்பு மட்டும் குறையவில்லை.

விற்றமின் எண்ணம் மூடத்தனமானதன்று. காய்கறி, பழம், கீரை நிறையச் சாப்பிடுவோருக்கு இதய நோய் குறைவு என்பது உண்மைதான். அந்தப் பலன் போத்தலுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். இதய நோயோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை இரத்தத்தில் குறைக்க பி விற்றமின்களும் கொடுத்துப் பார்த்தார்கள். அது குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. வேலியில் நிற்கும் முருங்கையை அம்மா தாராளமாகச் சாப்பிடட்டும், குளிசையையும் எடுக்கட்டும்.

கால் உளைவைத் தட்டிக்கழிக்காதீர்கள். பக்கவிளைவு என்று ஸ்டட்டினை (சிம்வாஸ்டட்டின் போன்ற கொழுப்புக் குளிசைகளை) விட்ட 60 பேரை வைத்து 2020இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்டட்டின் எடுத்த மாதங்களில் இருந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் குளிசை எடுத்த மாதங்களிலும் இருந்தது. அதற்காக அம்மாவின் உளைவு பொய் என்று சொல்லிவிடாதீர்கள், அவருக்கு அது நோகிறது. அரிதாகச் சிலருக்கு ஸ்டட்டின் தசையை உண்மையாகவே பாதிக்கும். தசை கடுமையாக நொந்தாலோ, சலம் தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றப்படி, தசைப் பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. என்ற இரத்தச் சோதனை செய்து, அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு ஸ்டட்டினுக்கு மாற்றலாம். அப்பாவுக்கு மாற்றினார்கள், உளைவு இப்போது களை பிடுங்கும் நாட்களில் மட்டும்தான்.

இன்னொன்று: அம்மா நீரிழிவுக்கு மெட்போமின் எடுக்கிறாரா? நீண்ட காலம் எடுப்போருக்கு விற்றமின் பி12 குறையலாம். அதனாலும் கால் எரியும், விறைக்கும். அப்படியானால் அவருக்குத் தேவைப்படும் விற்றமின் அந்தப் போத்தல்களில் இல்லாததாகக்கூட இருக்கலாம்.

இதுவரை இதய நோயே வராத, நீரிழிவும் இல்லாத ஒருவர் கேட்டால் என் பதில் இவ்வளவு அடித்துச் சொல்வதாக இருக்காது. அவருடைய வயது, பிரஷர், புகைத்தல் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். உங்கள் அம்மா அந்த இடத்தில் இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். கொப்பியோடு போத்தல்களையும் பையில் போட்டு மேசையில் எடுத்து வையுங்கள். அம்மா அஸ்பிரின் எடுப்பவரென்றால், விற்றமின் ஈ கூடிய அளவில் சேரும்போது இரத்தக் கசிவு கூடலாம், அதையும் கேளுங்கள். கால் உளைவை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். எங்கள் அப்பா ஆறு கிளினிக்கிலும் "ஒரு குறையுமில்லை, டொக்டர்" என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.