ஜூன்டீன்த் அன்று வேலைக்கு வரச் சொன்னால் மறுக்கலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டாலஸில் ஒரு தனியார் நிறுவனத்தில் நிலையான சம்பளத்தில் இருக்கிறேன். ஜூன் 19, அதாவது அடிமைகள் விடுதலையை நினைவுகூரும் ஜூன்டீன்த், தேசிய விடுமுறை என்கிறார்கள். மேனேஜரோ வழக்கம்போல் வரச் சொல்கிறார். இது சட்டப்படி சரியா? இரட்டைச் சம்பளம் கேட்கலாமா?

பதில்: சட்டப்படி சரிதான். இரட்டைச் சம்பளமும் கிடையாது. உங்கள் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. தமிழ்நாட்டில் 1958 முதலே சட்டம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று தொழிற்சாலையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு ஒரு மாற்று விடுமுறை. அமெரிக்காவில் அப்படி இல்லை. பைடன் 2021 ஜூன் 17 அன்று கையெழுத்திட்ட சட்டம், மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் ஒரு நாளைச் சேர்த்தது, அவ்வளவுதான். (அந்த வருடம் 19ஆம் தேதி சனிக்கிழமை. அதனால் மத்திய அரசு ஊழியர்களுக்கு, கையெழுத்தான மறுநாளே, 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை லீவு!) தனியார் முதலாளியை அது கட்டுப்படுத்தாது. கிறிஸ்துமஸுக்கும் இதே கதைதான்.

இத்தனைக்கும் இந்த நாள் பிறந்ததே உங்கள் டெக்சாஸில். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது 1863 ஜனவரி 1. இரண்டரை வருடம் கழித்து, 1865 ஜூன் 19 அன்றுதான் கால்வெஸ்டன் நகரில் மத்திய அரசுப் படையின் ஜெனரல் கிரேஞ்சரின் ஆணை வெளியானது: அடிமைகள் அனைவரும் விடுதலை, இனி எஜமானன், அடிமை இல்லை, முதலாளியும் கூலியாளும்தான். ஆனால் அதே ஆணை, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்றும் புத்தி சொன்னது. எனக்கு அந்த வரி இன்றும் உறுத்தும். டெக்சாஸ் 1979இலேயே இதற்கு மாநில விடுமுறைச் சட்டம் இயற்றியது. அதுவும் மாநில அரசு ஊழியர்களுக்குத்தான். அவர்களிலும் சிலர் அன்று அலுவலகத்தில் இருந்தாக வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஆஃபர் லெட்டரையும் ஊழியர் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். விடுமுறைப் பட்டியலில் ஜூன் 19 இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் ‘ஃப்ளோட்டிங் ஹாலிடே’ (நாமே தேதியைத் தேர்ந்தெடுக்கும் விடுமுறை) உண்டா என்று எச்ஆரிடம் மெயிலில் விசாரியுங்கள்.

அப்புறம் ஒன்று: தபால் நிலையம், குடியேற்ற அலுவலகம், பங்குச் சந்தை, பெரும்பாலான வங்கிகள் எல்லாம் அன்று மூடியிருக்கும். ஊருக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.