வைரஸ் போன பிறகும் கல்லீரலில் புற்றுநோய் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது, சிரோசிஸ் வரை போய்விட்டது. மாத்திரை சாப்பிட்டு வைரஸ் முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் 6 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். வைரஸே இல்லாதபோது புற்றுநோய் எப்படி வரும்?

முதலில், தயவுசெய்து ஸ்கேனை மட்டும் விட்டுவிடாதீர்கள். வைரஸ் போனதால் ஆபத்து நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில் அது முழுதாகப் போய்விடுவதில்லை.

நான் சில வருடங்கள் கல்லீரல் திசுக்களின் டிஎன்ஏவை ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். உங்கள் கேள்விதான் அங்கே எங்களுக்கும் தினசரிக் கேள்வி.

ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் டிஎன்ஏவை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். சி வைரஸ் அப்படியில்லை. அது ஆர்என்ஏ வைரஸ், நம் மரபணுவில் போய் ஒட்டாது. அது செய்வது வருடக்கணக்கான அழற்சி. செல்கள் சாகும், மிச்சமிருப்பவை பெருகி அந்த இடத்தை நிரப்பும், திரும்பவும் சாகும். ஒவ்வொரு முறை பெருகும்போதும் டிஎன்ஏவை நகலெடுப்பதில் பிழை வர வாய்ப்பு உண்டு. கூடவே குரோமோசோமின் நுனியும் கொஞ்சம் தேயும். அந்தத் தேய்மானமே செல்லுக்கு ஒரு கடிவாளம்; நுனி ரொம்பத் தேய்ந்தால் செல் பெருகுவதை நிறுத்திவிடும். அதைச் சரிசெய்யும் டெலோமரேஸ் என்சைம் வளர்ந்தவர்களின் கல்லீரல் செல்களில் அநேகமாக அணைந்தே கிடக்கும். அதற்கான டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், அது மறுபடி விழித்துக்கொள்ளும். கல்லீரல் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மாற்றம் இருக்கிறது. சிரோசிஸ் கல்லீரலில் புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையில் உள்ள சில முடிச்சுகளில்கூட இதைக் கண்டிருக்கிறார்கள். அப்புறம் செல் பெருகுவதோடு தொடர்புள்ள பி53, பீட்டா கேட்டனின் போன்ற மரபணுக்களும் கெடலாம்.

ஆனால் எழுத்து மாறாமலேயே மரபணு வேலையை நிறுத்துவதும் உண்டு. எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே அதனால்தான். டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்துகளில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இது மொய்த்துவிட்டால் செல் அதைப் படிக்காது. புற்றுக்கட்டியில் மொத்த டிஎன்ஏவிலும் இந்தக் குறி குறைந்திருக்கும். ஆனால் பி16, ராஸ்எஃப்1ஏ மாதிரி, செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் மரபணுக்களின் வாசலில் மட்டும் குவிந்திருக்கும்.

இதைப் பார்க்க டிஎன்ஏவை பைசல்ஃபைட் கரைசலில் போடுவோம். குறி ஒட்டாத சைட்டோசின் எல்லாம் யுராசிலாக மாறிவிடும். குறி ஒட்டியது அப்படியே நிற்கும். கட்டியிலிருந்து எடுத்த திசுவில் சைட்டோசின்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது ஆச்சரியமில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் பக்கத்தில் இருந்த திசு, மைக்ராஸ்கோப்பில் ஒரு புற்று செல்கூடத் தெரியாத திசு, அதிலும் அங்கங்கே நின்றன. அன்று ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி தெரிவதற்கு முன்பே கல்லீரல் மாறத் தொடங்கிவிடுகிறது.

டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் இதே போன்ற குறிகள் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சி வைரஸ் உண்டாக்கிய ஹிஸ்டோன் மாற்றங்களில் ஒரு பகுதி, மருந்தால் வைரஸ் ஒழிந்த பிறகும் மனிதக் கல்லீரலில் நீடிப்பதைக் கண்டார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். வைரஸ் போய்விட்டது, அது போட்ட குறிகளும் தழும்பும் மிச்சமிருக்கின்றன. எழுத்து மாறினால் திருப்ப முடியாது, குறியை அழிக்க முடியும் என்பது பெரிய நம்பிக்கை. சில ரத்த நோய்களுக்கு அப்படிப்பட்ட மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன. கல்லீரல் புற்றுக்கு இன்னும் ஆராய்ச்சி நிலைதான்.

ஸ்கேனோடு ஏஎஃப்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்திருப்பார்கள். அது கருவில் இருக்கும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். பிறந்த பிறகு அந்த மரபணு மூடப்பட்டுவிடும். புற்று செல்களில் அது மறுபடி திறந்துகொள்வதால்தான் ரத்தத்தில் அளவு ஏறுகிறது. ஆனால் சின்னக் கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. அதனால் ஏஎஃப்பி நார்மல் என்று வந்தாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். 2 சென்டிமீட்டர் அளவிலேயே பிடித்துவிட்டால் வெட்டி எடுக்கவோ சூட்டால் பொசுக்கவோ பெரும்பாலும் வழி இருக்கும்.