கேளுங்க, சொல்றேன்: மரச்சீனிக் கிழங்கு

போன இதழில் மீன்குழம்பு பற்றி எழுதும்போது, எங்கள் வீட்டில் மழைக்காலத்துக்கு உலர்த்திய மரச்சீனிக் கிழங்குதான் சோறு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் மீனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மரவள்ளி, குச்சிக்கிழங்கு, கப்பக்கிழங்கு என்று ஆளுக்கொரு பேர் போட்டு எல்லோரும் கிழங்கைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துக்காரி. கல்யாணமாகிப் பெரம்பூர் வந்தவள். அதனால் என் பதிலில் மரச்சீனி என்றே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்பேட்டில் வாங்கிய கிழங்கை மூன்றாம் நாள் வெட்டினால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருக்கிறது. கடைக்காரர் பழசைத் தள்ளிவிட்டாரா அம்மா?
*– வாசகி, கொளத்தூர்*

கடைக்காரரைத் திட்டாதீர்கள். இந்தக் கிழங்கின் குணமே அதுதான். விளைந்த பிறகும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள்தான். உருளைக்கிழங்கு நாளைக்கு முளைக்க வேண்டியது, அதனால் தன்னைக் காத்துக்கொண்டு கிடக்கிறது. மரச்சீனி வெறும் வேர். அடுத்த பயிர் இதிலிருந்து வராது, கம்பை, அதாவது செடியின் தண்டை வெட்டி நட்டுத்தான் வரும். பிடுங்கும்போது ஏற்படும் காயத்தில் காற்று பட்டதும் உள்ளே தானாகவே மாற்றம் தொடங்கி நரம்பு நரம்பாக நிறம் மாறும். அழுகல் அதற்குப் பிறகுதான்.

சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சிப் பக்கம் பிடுங்கி, லாரி ஏறி, சந்தையில் இறங்கி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கெடுவில் பாதி போய்விடும். வாங்கும்போது நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். சடக்கென்று ஒடிந்து, உள்ளே பால் வெள்ளையாக இருக்க வேண்டும். கழுத்துக் காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிற, மண்வெட்டி படாத கிழங்காக எடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே தோலை உரித்துத் துண்டாக்கித் தண்ணீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் சில நாள் தாங்கும். ஃப்ரீசரில் என்றால் இன்னும் நாள் தாங்கும். இரண்டொரு கோடு மட்டும் இருந்தால் அந்த இடத்தைச் சீவிவிட்டுச் சமைக்கலாம். முழுக்க ஓடியிருந்தால் குப்பைக்குத்தான்.

மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்ட அன்று இஞ்சி சேர்த்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார் மாமியார். உண்மையா? சில கிழங்கு கசக்கிறதே, அது விஷமா?
*– வாசகி, மடிப்பாக்கம்*

விஷம் உண்டு. ஆனால் அது இஞ்சியால் வருவதில்லை, கிழங்குக்குள் முதலிலேயே இருப்பது. லினமாரின் என்ற பொருள் அதில் இருக்கிறது. கிழங்கை வெட்டினாலோ துருவினாலோ கடித்தாலோ, அதிலேயே இருக்கும் ஒரு நொதி அதோடு சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. சதையைவிடத் தோலில் அதிகம், இலையிலும் உண்டு. எங்களூரில் உரித்த தொலியை ஆட்டுக்கு எட்டாத இடத்தில்தான் குவிப்பார்கள்.

பயப்பட வேண்டாம், வழி சுலபம். மேலே இருக்கும் பழுப்புத் தோலோடு நின்றுவிடாமல், அடியில் இருக்கிற தடித்த தோலையும் சேர்த்து உரியுங்கள். சின்னத் துண்டாக வெட்டுங்கள். நிறையத் தண்ணீரில், மூடாமல் வேக வையுங்கள். வெந்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டுங்கள். லினமாரின் தண்ணீரில் கரையும், சயனைடு ஆவியாகப் போய்விடும். குக்கரில் கொஞ்சூண்டு தண்ணீர் ஊற்றி விசில் விட்டு, அந்தத் தண்ணீரையும் வீணாக்காமல் குழம்பில் சேர்க்கிற சிக்கனம் இந்தக் கிழங்கிடம் மட்டும் வேண்டாம். பச்சையாகக் கடிக்கவே கூடாது; பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

வெந்த பிறகும் கசந்தால் துப்பிவிட்டு, சட்டியில் இருப்பதையும் கொட்டிவிடுங்கள். ஜவ்வரிசி ஆலைக்கென்று பயிரிடும் ரகங்களில் கசப்பு கூடுதலாக இருப்பது உண்டு. சாப்பிட்ட பின் தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இஞ்சி? எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் இஞ்சி தட்டிப் போட்ட மீன்குழம்பை ஊற்றித்தான் கிழங்கைப் பிசைகிறார்கள். அரைவேக்காட்டுக் கிழங்கு செய்த குற்றத்துக்கு இஞ்சி பழி சுமக்கிறது என்பது என் கட்சி. இருந்தாலும் அன்றைக்கு ஒருநாள் இஞ்சி போடாவிட்டால் குடி முழுகிவிடாது. மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிச் சண்டை இழுக்காதீர்கள்.

மழைக்காலத்துக் கிழங்கை உங்கள் வீட்டில் எப்படிக் காயவைத்தீர்கள்? குடும்பமே சேர்ந்து செய்வீர்களா? விவரமாக எழுதுங்களேன்.
*– வாசகர், வில்லிவாக்கம்*

குடும்பம் மட்டும் போதாது, அக்கம்பக்கமும் வேண்டும். கோதையாற்றுப் பக்கம் அப்பாவுக்குச் சரிவு நிலம் கொஞ்சம் இருந்தது. சித்திரை மழைக்குக் கம்பு நட்டால் தை, மாசியில் விளைந்துவிடும். அப்போதுதான் எங்களூரில் நல்ல வெயில் அடிக்கும். எத்தனை மூடு (செடி) பிடுங்குவது என்பதை அப்பா முடிவு செய்ய மாட்டார். அது ஆச்சியின் அதிகாரம். முந்தின நாள் சாயங்காலமே, நாளைக்குத் தொலி உரிக்க யார் யார் வருகிறார்கள் என்று வாசலில் நின்று கேட்டு வைப்பாள். எத்தனை கை வருமோ அத்தனை கைக்கு ஆகிற கிழங்குதான் மறுநாள் மண்ணை விட்டு வெளியே வரும். ஆசைப்பட்டுக் கூடுதலாகப் பிடுங்கினால் அது யார் கையும் படாமல் கெட்டுப்போகும் என்பது அவள் கணக்கு. இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் வீட்டுக்கு நாளைக்கு நாங்கள் போவோம். கூலி கிடையாது, மத்தியானம் கிழங்கும் சாளைமீன் குழம்பும்.

அப்பா செடியைச் சுற்றி மண்ணை இளக்கி, கம்பை அடியில் பிடித்து அசைத்து அசைத்துத் தூக்குவார். நுனி முறியாமல் கொத்தாக வரும். பெரியப்பா மகனுக்குப் பொறுமை கிடையாது. அவன் ஒரே இழுப்பாக இழுப்பான், பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், பிறகு அதைத் தோண்ட இன்னொரு ஆள். முறிந்த கிழங்கை ஆச்சி தனியாக ஒதுக்கி, அதைத்தான் முதலில் உரிக்கச் சொல்வாள். காயம்பட்டதுதானே முதலில் கெடும்? கம்புகளை நிழலில் சாய்த்து வைப்பது எங்கள் பிள்ளைகளின் வேலை. அதுதான் அடுத்த வருஷத்து விதை.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலை உள்ளே கொடுத்து உருட்டுவார்கள். இரண்டு தோலும் சேர்ந்து சுருள் சுருளாகக் கழன்று வரும். ஊர்க்கதை அத்தனையும் அந்த வட்டத்தில் தெரிந்துவிடும். பிறகு வட்டவட்டமாகச் சீவி, முற்றத்தில் கல் கூட்டி வைத்த பெரிய அண்டாவில், கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். முழுக்க வேகக் கூடாது. ஓரம் கண்ணாடி மாதிரி ஆனதும் கோரி எடுத்துக் கடவத்தில் வடிய விட வேண்டும். ஒரு கொதி கூடினால் குழைந்து பாறையில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் காய்ந்த பிறகு கறுக்கும். அந்தப் பதம் அம்மாவுக்குத்தான் தெரியும். வேறு யாரையும் அண்டாப் பக்கம் விட மாட்டாள். வடித்த தண்ணீரை மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்துத் தூரத்தில் கொட்டுவோம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அகலமான பாறை ஒன்று உண்டு. வெயிலில் கால் வைக்க முடியாது. அதில் பரத்தினால் அடியிலும் சூடு, மேலேயும் சூடு. ராத்திரி குவித்து ஓலைப்பாய் போட்டு மூடி, காலையில் மறுபடி பரத்துவோம். மூன்று நான்கு நல்ல வெயிலில் கையில் அள்ளிப் போட்டால் கலகலவென்று சத்தம் வரும். மூட்டை கட்டி, அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் ஏற்றிவிட்டால் வண்டு அண்டாது.

ஆனி, ஆடியில் மழை விடாமல் அடித்து, தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அந்த மூட்டை இறங்கும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டு, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள் தட்டிப் போட்டு அகப்பையால் மயக்குவாள் அம்மா. கடலில் மீன் குறைகிற காலம் என்பதால் சுட்ட கருவாடுதான் துணை.

இதை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று சொல்வார்கள், சரிதான். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரைப் பரப்பப் பாடுபட்டதே பஞ்சத்துக்குப் பயந்துதான். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூரைத் தாங்கியதும் இதுதான். குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த வருஷங்களைப் பற்றி ஆச்சி அதிகம் பேச மாட்டாள். கிழங்கை மிச்சம் வைத்தால் மட்டும் அடி விழும்.

இப்போது அந்தச் சரிவு முழுக்க ரப்பர். பணம் வருகிறது, குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கிழங்கு கடையில் வாங்குகிறார்கள்.

சென்னையில் மொட்டை மாடியில் அப்படிக் காயவைக்க முடியுமா?
*– அதே வில்லிவாக்கம் வாசகர்*

முடியும், ஆனால் எங்களூர்க் கணக்கில் தை மாதம் தொடங்காதீர்கள். இங்கே அப்போது காலைப் பனி மாடியை நனைத்துவிடும். பங்குனி, சித்திரை வெயில்தான் சரி. ஐப்பசி, கார்த்திகைப் பக்கம் நினைக்கவே வேண்டாம். பாறைக்குப் பதில் பழைய பருத்திப் புடவை. சிமென்ட் தரையில் நேராகப் போடாதீர்கள். நாங்கள் சீவியதைவிட மெல்லிசாகச் சீவுங்கள், இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மத்தியானம் கடல்காற்று திரும்புவதற்குள் ஒருமுறை புரட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். மேலே கொசுவலை கட்டாயம். பெரம்பூர்ப் புறாக்களுக்கு வெட்கமே கிடையாது. ஒடித்தால் ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும்.

முதல் தடவை இரண்டு கிலோவுக்கு மேல் போகாதீர்கள். காய்ந்தபின் மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்பதையும் வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?
*– வாசகர், அம்பத்தூர்*

தண்ணீரைக் கழித்தால் மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்துதான். சோற்றோடு கூட இதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சோற்றுக்குப் பதிலாக, கொஞ்சமாக, மீனோ பயறோ சேர்த்துச் சாப்பிடலாம். அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

ஜவ்வரிசி பனைமரம் மாதிரி ஒரு மரத்தில் எடுப்பது என்கிறார் என் கணவர். நான் மரவள்ளி என்கிறேன். யார் சொல்வது சரி?
*– வாசகி, மயிலாப்பூர்*

இரண்டு பேரும். தென்கிழக்கு ஆசியாவில் சேகோ என்ற பனையின் தண்டுக்குள் இருக்கும் மாவில்தான் முதலில் செய்தார்கள். நமக்கும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த வழி அடைபட்டபோது சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டிச் செய்யும் தொழில் வளர்ந்தது. இன்று உங்கள் பாயசத்தில் மிதப்பது அதுதான்.

கிழங்கை உரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளிய விட்டு, அடியில் தங்கிய ஈரமாவைத் துணித்தொட்டிலில் குலுக்கினால் குருணை குருணையாக உருளும். அதை வறுத்து, களத்தில் காயவைப்பார்கள். ஆலைகள் ஏன் வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன என்று கொளத்தூர் வாசகிக்குச் சொன்னதைப் படித்தால் புரிந்திருக்கும். சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கணவரிடம் பாதி வெற்றி என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கானாவில் வேலை பார்க்கும் மகன் 'காரி' என்று ஒரு பாக்கெட் கொண்டு வந்திருக்கிறான். ரவை மாதிரி இருக்கிறது, லேசாகப் புளிக்கிறது. மரவள்ளியாம். கெட்டுப்போனதா? எப்படிச் சாப்பிடுவது?
*– வாசகி, அண்ணா நகர்*

கெடவில்லை, அது அப்படித்தான் புளிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவிலும் நைஜீரியாவிலும், அன்றாடச் சாப்பாடு அது. உலகத்திலேயே அதிகம் மரவள்ளி விளைவது நைஜீரியாவில்தான். தென் அமெரிக்காவில் பிறந்த பயிரைப் போர்ச்சுகீசியர்கள் கப்பலேற்றிக்கொண்டு போன இடங்களில் ஆப்பிரிக்காவும் ஒன்று.

அங்கேயும் குடும்பப் பெண்கள்தான் உட்கார்ந்து உரிக்கிறார்கள். ஆனால் வேகவைப்பதில்லை. பச்சைக் கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றி இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். துருவும்போதே நொதி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது, பாரத்தில் தண்ணீர் பிழிந்து போகிறது, மாவு புளிக்கிறது. பிறகு சலித்து, அகலமான சட்டியில் அடுப்புச் சூட்டில் கிளறிக் கிளறி வறுத்தால் விஷத்தில் மிச்சமும் ஆவியாகிவிடும். எங்கள் அம்மா கொதிக்கவைத்து வெயிலில் போட்டதை, அவர்கள் பிழிந்து நெருப்பில் போடுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாது.

ஏற்கெனவே வறுத்தது என்பதால் சமைக்க வேண்டியதே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து அப்படியே சாப்பிடலாம். இல்லாவிட்டால் கொதித்த தண்ணீரில் கொட்டிக் கிளறிக் களி மாதிரி உருட்டி, காரமான மீன்குழம்பில் தொட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைவாகவே வைத்துத் தொடங்குங்கள், காரி நிறைய உறிஞ்சும். பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே வாரத்தில் நமத்துவிடும்.