சிமிட்டும் வானம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நெட்ஃபிளிக்ஸில் ‘3 பாடி ப்ராப்ளம்’ தொடரின் எட்டு அத்தியாயங்களையும் இரண்டே இரவுகளில் பார்த்து முடித்தேன். அதன் மூலமான, சீன எழுத்தாளர் லியு சிஷினின் அறிவியல் புனைவு நாவலை ஆங்கிலத்தில் இரண்டுமுறை வாசித்தவன் நான். பனாமா கால்வாயில் அந்தக் கப்பல் துண்டு துண்டாக அரியப்படும்போது என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் முடிந்தபின் மனம் நிறையவில்லை. பெய்ஜிங்கில் நடக்கவேண்டிய கதையை ஐந்து ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள் பங்குபோட்டுக்கொண்டதுதான் காரணமா? அல்லது நாவலைப் படித்தவனுக்கு எந்தத் தொடருமே பிடிக்காதா?

கே.

அன்புள்ள கே.,

அந்த ஐவரால் எனக்கு வருத்தமில்லை. நாவலின் நாயகன் வாங் மியாவ் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நானோ தொழில்நுட்ப ஆய்வாளர், புகைப்படம் எடுப்பார். அதற்குமேல் எனக்கும் எதுவும் நினைவில்லை. லியுவுக்கு மனிதர்கள் கருத்தை மாட்டிவைக்கும் ஆணிகள்தான். தொடரின் ஐவரில் ஆகி என்பவள்தான் வாங் மியாவின் வாரிசு. சால் இந்த முந்நாவல் வரிசையின் இரண்டாம் நாவலிலிருந்தும், ஜின்னும் வில்லும் மூன்றாம் நாவலிலிருந்தும் முன்கூட்டியே வந்துவிட்டவர்கள். மூன்று நாவல்களில் சிதறிக் கிடப்பவர்களை நண்பர்களாக்கியது கெட்டிக்காரத்தனம்தான்.

உங்களுக்குக் குறைபட்டது வேறு இடத்தில் என்று நினைக்கிறேன். முதல் அத்தியாயத்தில் நட்சத்திரங்கள் அணைந்து அணைந்து எரிகின்றனவே, அங்கே. உலகமே அண்ணாந்து பார்க்கிறது. பிரமாதமான காட்சி, மறுக்கமாட்டேன். நாவலில் என்ன நடக்கிறது? சிமிட்டுவது நட்சத்திரங்கள் அல்ல, பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு. 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெருவெடிப்பின் மிச்சச் சூடு அது; மைக்ரோ அலையாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வாங் மியாவ் முதலில் அதை வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் திரையில் வளைகோடாகப் பார்க்கிறார். நம்ப முடியாமல் பெய்ஜிங் கோளரங்கத்துக்குப் போய், அந்த அலைகளைக் காட்டும் கனத்த கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்கிறார். வானம் மங்கிய சிவப்பாகத் துடிக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் அதே பழைய வானம்.

அந்தக் கழற்றுவதில்தான் பயம் இருக்கிறது. அறிந்தவன் ஒருவன், அவனும் யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் காட்ட ஒரு கருவி வேண்டும். ஊரே பார்த்துவிட்டால் அது திருவிழா வாணவேடிக்கை. கதையில் விஞ்ஞானிகள் ஏன் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்பதும் அந்தத் தனிமை இல்லாமல் சரியாக உறைக்காது. தொடர் அவசரப்பட்டுவிட்டது. எட்டு அத்தியாயங்களுக்குள் அதற்கு அவகாசமும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படித்தவனுக்கும் பிடிக்கும், எனக்குப் பிடித்தது. 1967, சீனக் கலாசாரப் புரட்சிக் காலம், பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகம்: மேடையில் பேராசிரியரைச் செங்காவலர்கள் அடித்தே கொல்கிறார்கள், அவருடைய மனைவியே அவருக்கு எதிராகப் பேசுகிறாள், கீழே கூட்டத்தில் மகள் யே வென்ஜி நிற்கிறாள். சீனப் பதிப்பில் இந்தக் காட்சியை நூலின் நடுவில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. கென் லியுவின் 2014 ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அது முதல் பக்கங்களுக்கு வந்தது. 2023இல் சீன நிறுவனமான டென்சென்ட் எடுத்த முப்பது அத்தியாயத் தொடர் நாவலுக்கு எவ்வளவோ விசுவாசமானது, ஆனால் இந்த இடத்தை மட்டும் பட்டும் படாமலும் தாண்டிப்போகிறது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் இங்கிருந்தே தொடங்குகிறது. இளம் யே வென்ஜியாக வரும் நடிகை ஜைன் செங்கின் முகத்தைப் பார்த்தபின், அவள் பிறகு வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பதில் அனுப்பும் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நூலில் தேவைப்பட்டது.

அடுத்த சீசனையாவது இரண்டு இரவில் முடிக்காதீர்கள்.