பிள்ளைக்கு இல்லை என்று எழுத முடியுமா?

அன்புள்ள ஐயா,

பாகப்பிரிவினை வழக்குகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கும்பகோணத்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற ஆசிரியர். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன்தான், அப்புறம் ஒரு போன்கூட இல்லை. சின்னவன் பணம் வேண்டும்போது மட்டும் வருவான். என்னைப் பார்த்துக்கொள்வது மகள்தான். என் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டதில் எனக்கு வந்த மனையில், பி.எஃப். பணத்தைப் போட்டு வீடு கட்டினேன். அதை மகளுக்கே கொடுத்துவிட நினைக்கிறேன். "ஆம்பிளைப் பிள்ளையை ஒதுக்கினால் கேஸ் போட்டு வாங்கிவிடுவான், சட்டமே அப்படித்தான்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வெளிநாட்டில் நாய்க்குக்கூடச் சொத்து எழுதிவைக்கிறார்கள். அங்கே தனிமனிதனுக்கு மதிப்பு இருக்கிறது. நம் சட்டம் மட்டும் ஏன் இன்னும் குடும்பத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது பாதி சரி. வெளிநாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது அந்த அளவுக்குக்கூடச் சரியில்லை. இந்த ஒரு விஷயத்தில் கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இருக்கும் சுதந்திரம் பாரிஸில் இருக்கும் ஒரு தகப்பனுக்குக் கிடையாது.

நாய்க் கதை உண்மைதான். நியூயார்க் ஹோட்டல் முதலாளி லியோனா ஹெல்ம்ஸ்லி 2007இல் இறந்தபோது, 'ட்ரபிள்' என்ற தன் நாய்க்காக 1 கோடியே 20 லட்சம் டாலரை ஒதுக்கியிருந்தார். பேரப்பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. ஒரு நாய்க்கு இவ்வளவு எதற்கு என்று நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்தது. ஆனால் இது அமெரிக்காவில் நடக்கும் கதை. அங்கேயும் ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட லூசியானா மாநிலத்தில், 24 வயது நிரம்பாத பிள்ளையையும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையையும் தகுந்த காரணமில்லாமல் ஒதுக்க முடியாது.

பிரான்ஸுக்கு வருவோம். அங்கே ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி அந்தப் பிள்ளைக்கு. இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் முக்கால் பங்கு. உயிலில் என்ன எழுதினாலும் இதில் கை வைக்க முடியாது. உங்களைப் போல மூன்று பிள்ளை பெற்ற பிரெஞ்சுக்காரர் தன் இஷ்டத்துக்கு எழுதக்கூடியது கால் பங்குதான். உயிரோடு இருக்கும்போதே மகளுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டால்? இறந்த பிறகு அந்தத் தானத்தையும் கணக்கில் சேர்த்து, மற்ற பிள்ளைகளின் பங்கு குறைந்திருந்தால் அதை ஈடுகட்டச் சொல்வார்கள்.

பழைய குடும்ப வழக்கத்திலிருந்து வந்த சட்டம் என்றுதான் இதைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் இதைக் கெட்டிப்படுத்தியது பிரெஞ்சுப் புரட்சி. மிராபோ என்ற பெரிய பேச்சாளர் இருந்தார். அவருடைய அப்பா, விசாரணை இல்லாமலே ஒருவரைச் சிறையில் அடைக்க உதவும் ராஜாவின் முத்திரைக் கடிதங்களை வாங்கி மகனையே பலமுறை சிறையில் போட்டவர். அந்த மகன், பிள்ளைகளுக்குள் சமபங்கு வேண்டும் என்று வாதாடும் உரை ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். 1791 ஏப்ரல் 2 அன்று அவர் இறந்தார். அன்றைக்கே தாலிராண் என்ற சக உறுப்பினர் அந்த உரையை நாடாளுமன்றத்தில் வாசித்தார். இரண்டு வருடம் கழித்து, 1793 மார்ச்சில், பிள்ளைகள் விஷயத்தில் உயில் எழுதும் உரிமையையே ரத்து செய்தார்கள். மூத்தவனுக்கே எல்லாம் என்ற பிரபுக்களின் வழக்கத்தை உடைக்க வேண்டும். புரட்சிப் பக்கம் போன மகனை 'உனக்குச் சொத்து இல்லை' என்று அப்பா மிரட்ட முடியாமல் செய்ய வேண்டும். இதுதான் நோக்கம். நெப்போலியனின் 1804ஆம் வருடச் சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இன்றைய ஏற்பாட்டுக்கு வழி போட்டது. ஆக, நீங்கள் கேட்கும் தனிமனித மதிப்பு அங்கே இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தனிமனிதன் அப்பா இல்லை, பிள்ளை.

இதிலிருந்து தப்பிக்கப் பெரிய மனிதர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் அங்கேயே வாழ்ந்து, எல்லாவற்றையும் கடைசி மனைவிக்கு வைத்துவிட்டு இறந்தார். பிள்ளைகள் பிரான்ஸில் வழக்காடி 2017இல் தோற்றார்கள். அதே வருட டிசம்பரில் ராக் பாடகர் ஜானி ஹாலிடே இறந்தார். அவரும் கலிஃபோர்னியச் சட்டப்படி எல்லாவற்றையும் மனைவிக்கே எழுதியிருந்தார். முதல் இரண்டு பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். அவர் உண்மையில் எந்த ஊர்க்காரர் என்பதுதான் கேள்வி. எந்தெந்தத் தேதியில் குடும்பம் எங்கே இருந்தது என்று காட்ட, பிள்ளைகள் தரப்பு இன்ஸ்டாகிராம் படங்களைக் கொண்டுவந்து வைத்தது. பெரும்பகுதி பிரான்ஸில்தான் வாழ்ந்திருக்கிறார், இங்கேயே விசாரிக்கலாம் என்று 2019இல் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்டேர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊருக்குக் காட்டப் போட்ட போட்டோ சாட்சிக் கூண்டில் ஏறியது!

2021இல் பிரெஞ்சு அரசு இன்னொரு பூட்டும் போட்டது. பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு தராத ஒரு வெளிநாட்டுச் சட்டம் பொருந்தினாலும், இறந்தவரோ பிள்ளைகளில் ஒருவரோ ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களாக இருந்தால் அல்லது அங்கே வசித்தால், பிரான்ஸில் இருக்கும் சொத்திலிருந்து பிள்ளைகள் ஈடு வாங்கிக்கொள்ளலாம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்பா இங்கே நம் சட்டப்படி உயில் எழுதி மகனை ஒதுக்கியிருந்தாலும், பாரிஸ் வங்கியில் இருக்கும் பணத்தை மகன் விடமாட்டான்.

ஜெர்மனியில் கொஞ்சம் நாசூக்கு. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் பாகம் கிடையாது. உயில் இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் பங்கில் பாதியின் மதிப்பைப் பணமாகக் கேட்கலாம், அவ்வளவுதான். அதையும் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், பிள்ளை கொலை முயற்சி மாதிரி ஏதாவது பெரிய குற்றம் செய்திருக்க வேண்டும். போன் பண்ணவில்லை என்பதெல்லாம் காரணமாகாது. பக்கத்து ஆஸ்திரியாவில் உங்கள் மூத்த மகனைப் போன்றவர்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. நீண்ட காலம் உறவே இல்லாமல் இருந்தால் அந்தக் கட்டாயப் பங்கைப் பாதியாகக் குறைத்து எழுதலாம். ஆனால் காரணமில்லாமல் உறவை முறித்தது அப்பாதான் என்றால் முடியாது. ஸ்பெயினின் காட்டலோனியாவில் இன்னும் ஒரு படி மேலே. உறவு அற்றுப்போனதற்கு முழுக்க முழுக்கப் பிள்ளையே காரணம் என்றால் மொத்தமாகவே ஒதுக்கலாம். யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்று நீதிபதி விசாரிக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு விசாரணை ஆரம்பித்தால் எந்தக் கல்யாணத்தில் யாரை முதலில் அழைக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கும்.

இங்கிலாந்துதான் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வெளிநாடு. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் 1975ஆம் வருடச் சட்டப்படி, 'என் பிழைப்புக்கு நியாயமான ஏற்பாடு செய்யவில்லை' என்று பிள்ளை நீதிமன்றம் போகலாம். 17 வயதில் காதலனோடு வீட்டைவிட்டுப் போன மகளை மன்னிக்காத ஒரு அம்மா, 2004இல் இறக்கும்போது ஏறக்குறைய 4 லட்சத்து 86 ஆயிரம் பவுண்டில் பெரும்பகுதியை மூன்று விலங்கு, பறவை நல அமைப்புகளுக்கு எழுதிவைத்தார். மகளுக்கு 2007இல் 50 ஆயிரம் பவுண்ட் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது 1 லட்சத்து 43 ஆயிரமாக ஏறியது. 2017இல் உச்ச நீதிமன்றம் மறுபடி 50 ஆயிரத்துக்கே இறக்கியது. நடுவில் பத்து வருடம். வளர்ந்த பிள்ளைக்கு எதை வைத்துக் கொடுப்பது, எதை வைத்து மறுப்பது என்று இந்தச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை என அந்த வழக்கில் நீதிபதி ஹேல் குறைப்பட்டுக்கொண்டார்.

இனி நம் ஊர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 30 படி, நீங்களே சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு என்று எதுவும் இல்லை. இதே இந்தியாவில் ஒரு முஸ்லிம் தகப்பன், வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. போர்ச்சுகீசியச் சட்டம் விட்டுப்போன வழக்கப்படி கோவாவில் பாதி பிள்ளைகளுக்கு.

இந்துக்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுதந்திரம்? நம் பழைய ஏற்பாட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருந்த இடமே வேறு. பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு, அப்பா எழுதித்தான் வர வேண்டும் என்பதில்லை. நிலபுலன் எல்லாம் பூர்வீகமாக இருந்த காலத்தில் அது போதும். இப்போது சொத்து என்றால் சம்பளத்தில் வாங்கிய ஃப்ளாட்டும் பேங்க் டெபாசிட்டும்தான். போதாக்குறைக்கு, அப்பாவின் சொத்து 1956 சட்டப்படி வாரிசாக ஒருவருக்கு வந்தால் அது அவருடைய தனிச் சொத்து, அதில் அவர் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இல்லை என்று சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. 'தாத்தா சொத்து பேரனுக்கு' என்று டீக்கடையில் இன்னும் அடித்துப் பேசுகிறார்கள். ஆக, வேண்டும் என்று யாரும் சட்டம் போடாமலே நம் அப்பாக்கள் உலகத்திலேயே பெரிய சுதந்திரம் உள்ளவர்களில் ஒரு கூட்டமாக ஆகிவிட்டார்கள்.

இது எனக்கு முழுச் சந்தோஷமில்லை. தமிழ்நாடு 1989இலேயே, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் சுயார்ஜிதத்தில், அதாவது தானே சம்பாதித்த சொத்தில், 'மகளுக்குத்தான் நகை போட்டாயிற்றே' என்று ஒரே வரியில் உயில் எழுதி முடித்துவிடலாம். உங்கள் மகளுக்குக் கைகொடுக்கும் இதே பிரிவு, பல வீடுகளில் மகளை வெளியே நிறுத்துகிறது. ஆஸ்திரியா மாதிரி, வீட்டைத் தொடாமல் பணமாக ஒரு சிறு பங்கு, அதையும் குறைக்க ஒரு வழி என்று இருந்தால் தேவலை என்பது என் கட்சி.

சரி, உங்கள் விஷயம். உங்கள் அப்பா அந்த மனையைத் தன் காசில் வாங்கினாரா, அவருக்கும் முன்னோர் வழியில் வந்ததா? மூலப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அவர் சம்பாதித்தது என்றால் பயமில்லை. பூர்வீகம் என்றால் மகன்களுக்கும் மகளுக்கும் அதில் உரிமை இருக்கலாம், சொந்தக்காரர்கள் சொன்னதில் சரியான பாதி அதுதான். ஊர் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள்.

உயில் எழுதினால் மகன்களுக்கு ஏன் இல்லை என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். காரணம் சொல்லாமல் வாரிசை விட்டுவிட்டிருந்தால், வேறு சந்தேகங்களோடு சேர்த்து அதையும் நீதிமன்றம் கிளறும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இரண்டு சாட்சிகளும் உங்களைவிட வயதில் நன்றாக இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும். மகளோ மருமகனோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

'இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. அப்படியே கொடுத்தாலும், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23 படி கோட்டாட்சியரிடம் போய் அதை ரத்து செய்யக் கேட்க வேண்டி வந்தால், முதலில் தேடுவது அந்த வரியைத்தான். மகள் நல்லவள்தான், நான் மறுக்கவில்லை. பத்திரத்தில் அது எழுதப்பட்டிருப்பதை அவளும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள்.