தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்குத் துணையாக நிற்க நான் தயாரா?

கேள்வி: எனக்கு 27 வயது. பதினாறு வயதில் ஆரம்பித்து ஆறு வருடம் என்னை நானே காயப்படுத்திக்கொண்டிருந்தேன். சிகிச்சையும் ஒரு நல்ல தோழியும் கிடைத்ததால் வெளியே வந்தேன். ஐந்து வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது ஓர் அமைப்பு, இதே அனுபவம் உள்ளவர்களைச் சக ஆதரவாளர்களாகச் சேர அழைக்கிறது. வாரம் ஒரு மாலை, மூன்று மணி நேரம். போக ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என் கதையைச் சொல்ல வேண்டியிருக்குமா? யாராவது சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வது? கையில் உள்ள தழும்பை மறைக்க வேண்டுமா? "பழசைக் கிளறாதே" என்கிறார் அம்மா. நான் இதற்குத் தகுதியானவளா?

பதில்: உங்கள் அம்மாவின் பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது நியாயமான பயம். சக ஆதரவாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறவன் என்ற முறையில், அதே பயம் எனக்கும் உண்டு. ஒவ்வொரு புதியவரும் முதல் நாள் வந்து உட்காரும்போது என் மனதில் ஓடுவது, "இவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதுதான்.

ஐந்து வருடம் நல்ல இடைவெளி. ஆனால் வருடக் கணக்கு மட்டும் போதாது. அந்த எண்ணம் உங்களுக்கு இப்போது வருவதே இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். கஷ்டமான நாட்களில் பலருக்கும் அது எட்டிப் பார்க்கும். வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. இப்படி நினைத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணி. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, நீங்கள் அந்த வயதில் உணர்ந்ததை, கிட்டத்தட்ட உங்கள் வார்த்தைகளிலேயே சொல்லி அழுகிறாள். பேசி முடித்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். அன்று இரவு யாரை அழைப்பீர்கள்? தூக்கம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? மறுநாளும் அது மனதை விட்டுப் போகாவிட்டால் யாரிடம் போவீர்கள்? இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். இல்லையென்றால், அல்லது சமீபத்தில் ஒரு மரணம், பிரிவு, வேலையிழப்பு என்று ஏதாவது நடந்திருந்தால், ஆறு மாதம் கழித்துப் போங்கள். இந்த வேலைக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கும்.

இன்னொன்றையும் தனியாக உட்கார்ந்து யோசித்துவிடுங்கள். பதினாறு வயதில் தவித்த அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் போகிறீர்களா? பலரும் அப்படித்தான் வருகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் எதிரே உட்காரப்போவது அவள் இல்லை. வேறு வீடு, வேறு வலி, வேறு காரணம் உள்ள ஒருவர்.

சரி, வேலை என்ன? நீங்கள் அங்கே மருத்துவரும் இல்லை, கவுன்சலரும் இல்லை, தோழியும் இல்லை. வருகிறவர் வெட்கப்படாமல் பேச ஓர் இடம் கொடுப்பதும், சிகிச்சைக்குப் போகத் தயங்கினால் அந்தத் தயக்கத்தைப் பற்றிப் பேசுவதும்தான் உங்கள் பங்கு. முதல் சந்திப்பில் மருத்துவர் என்ன கேட்பார் என்று, ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்த உங்களால்தான் பயமில்லாமல் சொல்ல முடியும்.

இதை ஏதோ சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1953ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பின் தொடக்கம். நேரில் வந்து காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசிய பலருக்கு அதற்கப்புறம் பாதிரியாரைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனதை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார். காது கொடுத்துக் கேட்பதற்கு அவ்வளவு பலம் உண்டு.

அடுத்தது உங்கள் கதை. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் அனுபவத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அதை நீங்கள் சொல்லப்போவது மிகவும் குறைவு. ஒரு தன்னார்வலரை நினைத்துக்கொள்கிறேன். நல்ல மனது, நிறைய வாசிப்பு. எதிரே இருந்தவர் "வீட்டில் யாருக்கும் புரியவில்லை" என்று ஒரு வரி சொன்னார். இவர், "எனக்கும் அப்படித்தான்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். குரல் உடைந்தது. உதவி தேடி வந்தவர் டிஷ்யூ பெட்டியை இவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தப் பெட்டி நகர்ந்த நொடியில் யார் யாருக்கு ஆதரவு என்பது தலைகீழாகிவிட்டது. வந்தவர் அதற்கப்புறம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் பயிற்சியில் நான் எல்லோரையும் தங்கள் கதையை இரண்டு வரியில் எழுதச் சொல்வேன். "நானும் இந்த வழியாக வந்தவள்தான். இப்போது நன்றாக இருக்கிறேன், அதற்குக் காலம் பிடித்தது." இது போதும். கூடுதலாகச் சொல்லத் தோன்றினால், இதைச் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் உடனே வராவிட்டால் சொல்லாதீர்கள். எதைக்கொண்டு செய்தேன், உடலில் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். அந்த விவரங்கள் சிலருக்கு வழிகாட்டியாகிவிடும். சிலருக்கு, "நான் பட்டது அவ்வளவு பெரிதில்லையோ" என்ற ஒப்பீட்டைக் கிளப்பும். அவர் அந்த விவரங்களுக்குள் போனாலும், மெதுவாக அன்றைய மனநிலையின் பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.

தழும்பு விஷயத்தில் எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஆறிய தழும்பு உங்கள் உடம்பின் ஒரு பகுதி. அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதேசமயம், புதிதாக வருகிறவரின் கண் முதல் பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டால் பேச்சு நடக்காது. வளரிளம் பருவத்தினர் வரும் குழுவில் முழுக்கை போட்டுக்கொள்வது நல்லது என்று நான் நினைக்கிறேன். மற்ற இடங்களில் மேற்பார்வையாளரிடம் பேசி முடிவெடுங்கள். யாராவது கேட்டால், "ஆமாம், பழையது" என்று சொல்லிவிட்டு அவரிடமே பேச்சைத் திருப்பிவிடலாம்.

இப்போது ஒரு காட்சி. மூன்று வாரமாக வரும் ஒருவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்: "நேத்து மறுபடியும் பண்ணிட்டேன்." உங்கள் வாய்க்கு முதலில் வருவது "ஐயோ, ஏன்?" என்பதாக இருக்கும். அந்த "ஏன்" அக்கறையில்தான் வருகிறது, ஆனால் கேட்பவருக்கு விசாரணையாக விழும். "இனிமேல் பண்ணமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்பது அதைவிட மோசம். சத்தியத்தை மீறினால் அடுத்த முறை உங்களிடமிருந்தும் மறைப்பார், அவ்வளவுதான் நடக்கும். ஒரு மூச்சு இழுத்துவிட்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சொன்னது நல்லதாப் போச்சு. காயம் இப்ப எப்படி இருக்கு? யாராவது பார்த்தாங்களா?" முதலில் உடம்பு. சிகிச்சை தேவைப்படும் காயம் என்றால் மற்ற பேச்செல்லாம் அப்புறம்தான். அதன் பிறகு, "நேத்து என்ன மாதிரி நாளா இருந்துச்சு?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. "ஏன்" என்பதற்குப் பல நேரம் அவருக்கே பதில் தெரியாது.

பெரும்பாலானவர்கள் தாங்கமுடியாத ஓர் உணர்வைக் கொஞ்ச நேரம் தணிக்கத்தான் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். சிலர் மரத்துப்போன மனதில் ஏதாவது ஒன்றை உணர்வதற்காக, சிலர் தங்களைத் தண்டிப்பதற்காக. உங்களுக்கு இது பாடம் இல்லை, வாழ்ந்து தெரிந்துகொண்டது. "கவனம் ஈர்க்கச் செய்கிறார்கள்" என்ற பேச்சு எவ்வளவு புண்படுத்தும் என்பதும் தெரியும். பல நாட்டு ஆய்வுகளை 2014ல் தொகுத்துப் பார்த்தபோது, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் சாகும் நோக்கம் இல்லாமல் ஒருமுறையாவது தங்களைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் வரும் பலர் உலகத்தில் தான் ஒருவர் மட்டுமே இப்படி என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

சாகும் நோக்கம் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்களைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே சந்தேகம் வந்தால் நேராகக் கேட்டுவிடுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகளில் அப்படித் தெரியவரவில்லை. கேட்கப்பட்டதே ஒரு நிம்மதி என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். "ஆமாம்" என்று பதில் வந்தால் நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. அவரைத் தனியே விடாமல், அன்று பணியில் இருக்கும் மேற்பார்வையாளரை உடனே கூப்பிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். அபாயத்தை எடைபோடும் வேலை உங்களுடையது இல்லை. மதிப்பெண் போடும் படிவங்களை வைத்து, யார் பிற்பாடு தற்கொலைக்கு முயல்வார் என்று கணிக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மருத்துவர்களுக்கே சொல்கிறது. அவர்களாலேயே முடியாத கணிப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக் கூப்பிடவேண்டிய நிலை வரலாம் என்பதால், ரகசியம் பற்றிய பேச்சை முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே முடித்துவிட வேண்டும். "நீங்க சொல்றது எனக்கும் என் மேற்பார்வையாளருக்கும் நடுவுல இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் வேற ஒருத்தர்கிட்ட சொல்வேன். முடிஞ்சவரை உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனி விதிகள் இருக்கும், பயிற்சியில் அதை விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்த செல்போன் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். கல் நெஞ்சம் மாதிரித் தோன்றும். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு நீங்கள் எடுக்காமல் போகும் ஓர் அழைப்பு அவருக்கும் உங்களுக்கும் செய்யும் காயம் பெரிது.

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதுபோல நீங்களும் அவர்களைக் கேளுங்கள். பயிற்சி எத்தனை நாள்? பணி நேரத்தில் கூப்பிட்ட உடனே வர ஒருவர் இருப்பாரா? மேற்பார்வைச் சந்திப்பு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? முதல் சில வாரம் அனுபவமுள்ள ஒருவருடன் உட்கார விடுவார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, "நானே மறுபடி தடுமாறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "அன்றைக்கே நீக்கிவிடுவோம்" என்று சொல்லும் இடத்தில் தன்னார்வலர்கள் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். "வந்து சொல்லுங்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், அப்புறம் சேர்ந்து முடிவுசெய்வோம்" என்கிற இடம் நல்ல இடம். பயிற்சியே இல்லாமல், அனுபவம் ஒன்றே போதும் என்று அடுத்த வாரமே உட்கார வைக்கிறார்கள் என்றால், எவ்வளவு அன்பான மனிதர்களாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு கனமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசிய ஒருவர் ஒருநாள் உயிரோடு இல்லாமல் போகலாம். அப்படி நடந்தால் கடைசியாகப் பேசியது, சொல்லாமல் விட்டது எல்லாம் திரும்பத் திரும்ப வரும். அது உங்கள் தவறில்லை. அன்றைக்கு உங்களோடு உட்கார ஆள் இருக்கும் அமைப்பில்தான் நீங்கள் சேர வேண்டும்.

சாதாரண நாட்களுக்கும் ஒரு பழக்கம் தேவை. பணி முடிந்ததும் நான் ஒவ்வொருவரையும் கேட்பது: "இன்னைக்கு யாரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறீங்க?" பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, அடுத்து அவரை யார் எப்போது பார்ப்பார் என்று நோட்டில் எழுதி மூடிய பிறகுதான் கிளம்புவோம்.

கடைசியாக அம்மா. அவரைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வருடமும் கதவுக்கு வெளியே நின்று தவித்தவர் அவர். இதனால் பாதிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். உங்களுக்கு மனது சரியில்லாதபோது வெளியே தெரியும் அறிகுறிகள் எவை என்று அவரையே கேளுங்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பதோ, அறையில் அடைந்துகொள்வதோ, உங்களைவிட முன்னதாக அவருக்குத் தெரிந்திருக்கும். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் எதையாவது பார்த்தால், "இந்த வாரம் போகாதே" என்று சொல்ல அவருக்கு உரிமை கொடுங்கள். அவர் அப்படிச் சொல்லும் வாரம், காரணம் கேட்காமல் அமைப்புக்கு அழைத்து விடுப்பு சொல்லிவிடுங்கள்.